வரைபடமே இல்லை, அதற்குள் எனர்ஜி மாடலா? கோவை சரவணம்பட்டி அலுவலகக் கட்டடம்: ஆலோசனை வேண்டும்

கொங்கு_ஆர்க்கி · திங்கள், காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனம் சொந்த அலுவலகம் கட்டுகிறது. வேலை எங்களிடம் வந்திருக்கிறது. மனை சத்தி ரோட்டை ஒட்டியது, ரோடு மேற்கே. வடக்கு தெற்காக 90 மீட்டர் நீளம், உள்ளே 40 மீட்டர் ஆழம். அவர்களுக்குத் தேவை சுமார் 3,000 சதுர மீட்டர், மூன்று தளம், 250 பேர்.

முதல் கூட்டத்திலேயே முதலாளி இரண்டு விஷயத்தை அடித்துச் சொல்லிவிட்டார். ரோட்டுப் பக்க முகப்பு முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும். மொட்டை மாடியில் சோலார் போட்டு கரண்ட் பில்லைப் பூஜ்யமாக்க வேண்டும். இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் "நடக்காது" என்று சொல்ல என் கையில் எண் எதுவும் இல்லை.

நாங்கள் இன்னும் ஒரு கோடுகூட வரையவில்லை. சுவர் எதில், கண்ணாடி எந்த வகை, ஏசி எந்த முறை, எதுவும் முடிவாகவில்லை. இந்த நிலையில் எனர்ஜி மாடல் (கட்டடம் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கம்ப்யூட்டரில் போடும் கணக்கு) செய்ய முடியுமா? செய்தால் அதில் வரும் எண்ணை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சைட்_எஞ்சினியர் · திங்கள், காலை 10:15

என் கருத்து வேறு. முதலில் பிளான் போடுங்கள். முதலாளி ஒப்புக்கொள்ளட்டும். அப்புறம் மாடலிங் ஆளிடம் கொடுத்தால் கண்ணாடியையும் இன்சுலேஷனையும் அவர் சரிபார்த்துச் சொல்வார். இல்லாத கட்டடத்துக்குக் கணக்குப் போடுவது வாடிக்கையாளர் காசை வீணாக்கும் வேலை. நான் பார்த்த சைட்டுகளில் மாடல் ரிப்போர்ட் தடித்த புத்தகமாக வரும், சான்றிதழுக்காக ஃபைலில் போவதோடு சரி. கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட அது நகர்த்தி நான் பார்த்ததில்லை.

---

எட்டாயிரம்மணி · திங்கள், மதியம் 1:05

சைட்_எஞ்சினியர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிளான் முடிந்தபின் செய்த மாடலால் செங்கல்லை நகர்த்த முடியாது, ஏனென்றால் அதற்குள் எல்லாம் முடிவாகியிருக்கும். ஏசி டெண்டர் போன பிறகு "கட்டடத்தைத் திருப்பி வைத்திருக்கலாம்" என்று சொல்லி யாருக்கு என்ன லாபம்? அதனால்தான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறோம்.

கொங்கு_ஆர்க்கி, தாராளமாகச் செய்யலாம். இதற்கென்றே அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் தரநிலை ஒன்று இருக்கிறது, ஆஷ்ரே 209. 2018-ல் வந்தது. கட்டடத்தின் வடிவமும் திசையும் முடிவாகும் முன்பே ஒரு எளிய பெட்டியை வைத்துச் சோதிப்பதுதான் அதில் முதல் சுற்று. பசுமைக் கட்டடச் சான்றிதழான லீட்டின் நான்காம் பதிப்பிலும் திட்ட வரைவு முடியும் முன் இப்படி ஒரு பெட்டி மாடல் செய்தால் மதிப்பெண் உண்டு.

பெட்டி என்றால் பெட்டியேதான். உங்கள் தேவைக்கு 60 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம், மூன்று தளம் என்று எடுத்துக்கொண்டால் 3,060 சதுர மீட்டர் வருகிறது. ஒவ்வொரு தளத்தையும் ஐந்தாகப் பிரிக்க வேண்டும்: நான்கு திசைக்கும் சுவரிலிருந்து நாலரை மீட்டர் வரை ஒரு பட்டை, நடுவில் ஒரு பகுதி. அறைகள், கதவுகள், டாய்லெட் எதுவும் வேண்டாம். ஆள் எண்ணிக்கை, விளக்கு, கம்ப்யூட்டர், வேலை நேரம், உள்ளூர் வெதர் ஃபைல் (ஊரின் வெப்பம், வெயில், ஈரம் மணிவாரியாக உள்ள கோப்பு) ஆகியவை போதும். எனர்ஜிபிளஸ் இலவச மென்பொருள். ஆண்டின் 8,760 மணிநேரத்துக்கும் ஒவ்வொரு மணியாகக் கணக்குப் போட்டுத் தரும்.

வரும் எண்ணை நம்பலாமா என்று கேட்டீர்கள். அடுத்தடுத்த ஆண்டு கரண்ட் பில் இவ்வளவு வரும் என்ற ஜோசியமாக நம்ப வேண்டாம். அதே பெட்டியைத் திருப்பி வைத்து, கண்ணாடியைக் கூட்டிக் குறைத்து, நேரத்தை மாற்றி ஓட்டும்போது எந்த மாற்றம் எவ்வளவு அசைக்கிறது என்று பாருங்கள். எது பெரிதாக அசைக்கிறதோ அதில்தான் இப்போது உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும்.

மாடலை ஓட்டும் முன்பே கையால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குகள் சில உண்டு. உங்கள் மனையை ரோட்டோடு இணையாக நிரப்பினால் 60 மீட்டர் முகம் மேற்கே பார்க்கும். தளத்துக்கு 3.6 மீட்டர் உயரம் என்றால் மேற்குச் சுவர் 648 சதுர மீட்டர். அதில் 80 சதவீதம் கண்ணாடி என்றால் 518. தெளிந்த நாளில் மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி. (விழும் வெயிலில் எவ்வளவு பங்கு உள்ளே வெப்பமாக வருகிறது என்ற எண்) 0.5 என்றால் உள்ளே வருவது 155 கிலோவாட். ஏசிக் கணக்கில் 44 டன் (ஒரு டன் சுமார் மூன்றரை கிலோவாட்). இது அந்த ஒரு சுவருக்கு மட்டும்!

அதே சுவரில் கண்ணாடியை 40 சதவீதமாக்கி, எஸ்.எச்.ஜி.சி. 0.27 உள்ளதைப் போட்டால் 42 கிலோவாட், அதாவது 12 டன். உங்கள் 40 மீட்டர் ஆழத்தில் 60 மீட்டர் அடங்காது, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டியையே திருப்பி 17 மீட்டர் பக்கத்தை மேற்கே வைத்தால் மூன்றரை டன்னுக்கும் கீழே வந்துவிடும். 40 சதவீதமும் 0.27-ம் நானாக எடுத்த எண்கள் இல்லை. ஈ.சி.பி.சி. எனும் இந்திய எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதியின் 2017 பதிப்பு, மாடல் இல்லாமல் எண்களை அப்படியே பின்பற்றும் நேர்முக வழியில் வைத்த உச்சவரம்பு அவை. இணைப்புச் சுமை 100 கிலோவாட்டோ ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்தோடு ஒப்புக்கொள்ளும் உச்ச அளவு) 120 கே.வி.ஏ.யோ தொடும் வணிகக் கட்டடங்களுக்கான விதி அது. உங்கள் கட்டடம் நிச்சயம் அந்த அளவைத் தாண்டும்.

சன்ஷேட் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கோவை 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்ச் மாதம் மாலை 5 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 22 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். மேற்கு ஜன்னல் ஒன்றரை மீட்டர் உயரம் என்றால், அதை முழுதும் மறைக்க 3.7 மீட்டர் நீட்டிய சன்ஷேட் வேண்டும். தெற்கு ஜன்னலுக்கு டிசம்பர் நண்பகலில் ஒரு மீட்டர் போதும். வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று நினைக்கவும் வேண்டாம். ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. 15 டிகிரிக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்கு அந்த விதியில் வடக்குக் கண்ணாடிக்கும் அதே 0.27 வைத்திருப்பது இதனால்தான்.

---

சில்லர்சேகர் · திங்கள், மாலை 6:30

சென்னையில் ஏசி டிசைன் செய்கிறேன். எட்டாயிரம்மணி போட்ட கணக்கு சரி. ஆனால் கண்ணாடியிலேயே நின்றுவிடாதீர்கள். என் மேசைக்கு வரும் வேலைகளில் கட்டடக்கலைஞர்கள் எல்லோரும் கண்ணாடியைப் பற்றிக் கேட்பார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்று யாரும் கேட்டு வந்திருக்க மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. விளக்கு சதுர மீட்டருக்கு 8 வாட், நாளைக்கு 10 மணிநேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் 20 யூனிட். கம்ப்யூட்டர் வகையறா 12 வாட், அதே நேரம், 30 யூனிட். சரி. ஆள் இல்லாத நேரத்தில் அணைக்காமல் விட்ட மானிட்டர், சர்வர், வாட்டர் கூலர், யூ.பி.எஸ். எல்லாம் சேர்ந்து வெறும் 3 வாட் என்று வையுங்கள். மீதி 6,260 மணிநேரத்துக்கு அது 19 யூனிட்! விளக்கு மொத்தமும் தின்பதை இது தின்றுவிடுகிறது. இந்த 19 யூனிட்டை எந்தக் கண்ணாடி மாற்றினாலும் தொட முடியாது.

இப்போது முதலாளியின் சோலார் ஆசைக்கு வாருங்கள். மேலே சொன்ன மூன்றும் கூட்டினால் 69 யூனிட். 3,060 சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 2 லட்சத்து 11 ஆயிரம் யூனிட். ஏசி இன்னும் இதில் சேரவே இல்லை. மொட்டை மாடி 1,020 சதுர மீட்டர். லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, நடைபாதை போக 700 கிடைக்கும் என்போம். 10 சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் வீதம் 70 கிலோவாட். கோவையில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,500 யூனிட் தந்தால் 1 லட்சத்து 5 ஆயிரம் யூனிட். அதாவது ஏசியை ஓட்டாமலே பாதிதான் ஈடாகிறது. "பூஜ்யம்" என்று முதலாளி சொன்னதற்குப் பதில் இதில் இருக்கிறது. மாடி தரக்கூடியது சதுர மீட்டருக்கு 34 யூனிட். அதற்குள் வாழ்வது எப்படி, அல்லது மீதியை எங்கிருந்து கொண்டுவருவது, என்று இப்போதே பேசிவிடலாம்.

இன்னொன்று. கோவைக்காரர்கள் சென்னைக் கட்டடத்தின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். இங்கே வெளிக்காற்று 33 டிகிரியில் கிலோவுக்கு 21 கிராம் ஈரத்தோடு வருகிறது என்றால், உள்ளே 24 டிகிரி, 10 கிராமுக்கு அதைக் கொண்டுவர வேண்டும். சூட்டைக் குறைக்கக் கிலோவுக்கு 9 கிலோஜூல் போதும். ஈரத்தைப் பிழிய 27 வேண்டும். மூன்று மடங்கு. உங்கள் 250 பேருக்கான புதுக்காற்றைச் சென்னையில் பக்குவப்படுத்த மட்டும் சுமார் 18 டன் போய்விடும். கோவை 400 மீட்டர் உயரத்தில், மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, காற்றில் ஈரம் குறைவு. சென்னையில் நான் யோசிக்கவே மாட்டாத சில வழிகள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன.

வேலை நேரத்தை முதலில் கேட்டு வாருங்கள் மேடம். மென்பொருள் நிறுவனம் என்கிறீர்கள், இரவு ஷிஃப்ட் இருக்கிறதா?

---

டென்வர்_தமிழ் · செவ்வாய், காலை 7:20

இந்த இழைக்கு நேர்ப் பொருத்தமான கட்டடம் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறது. கொலராடோவின் கோல்டன் நகரில் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் (என்.ஆர்.ஈ.எல்.) கட்டிய ஆராய்ச்சி ஆதரவு வளாகம். 2010-ல் திறந்தார்கள். அங்கே அவர்கள் வரைபடம் கேட்டு ஆரம்பிக்கவே இல்லை. டெண்டர் ஆவணத்திலேயே 800 பேர் உட்கார வேண்டும், சதுர அடிக்கு ஆண்டுக்கு 25 ஆயிரம் பி.டி.யு.வுக்குள் (அங்கே எரிசக்தியை அளக்கும் அலகு) ஓட வேண்டும் என்று இலக்கை எழுதிவிட்டார்கள். நம் கணக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 79 யூனிட். விலை 6 கோடியே 40 லட்சம் டாலர், அதை மாற்ற முடியாது. அதற்குள் எப்படிச் செய்வது என்பது வடிவமைத்துக் கட்டும் அணியின் பாடு.

இலக்கு முதலில் வந்ததால் வடிவம் அதன் பின்னால் வந்தது. கிழக்கு மேற்காக நீண்ட இரண்டு சிறகுகள், ஒவ்வொன்றும் 60 அடி அகலம், நடுவில் ஓர் இணைப்பு. 60 அடி என்பது அழகுக்காக எடுத்த முடிவு இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் பகல் வெளிச்சமும் காற்றும் நடு மேசைவரை எட்ட வேண்டும் என்பதிலிருந்து வந்த எண் அது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இலக்கைத் திருத்திய விதம். ஆட்களின் நெருக்கமும், வளாகம் முழுவதுக்குமான டேட்டா சென்டரும் கணக்கில் வந்தபோது 25-ஐ 35 ஆயிரமாக, அதாவது 110 யூனிட்டாக, வெளிப்படையாக மாற்றி எழுதினார்கள். அனுமானம் மாறினால் எண்ணும் மாறும், அதை மறைக்கவில்லை.

---

சைட்_எஞ்சினியர் · செவ்வாய், காலை 11:50

அமெரிக்காவில் அரசாங்க ஆய்வகம் எதையும் செய்யலாம். நான் கேட்பது வேறு. மாடல் ஒன்று சொல்லும், கட்டடம் வேறொன்று செய்யும். இதை மறுக்க முடியுமா? லீட் சான்றிதழ் பெற்ற கட்டடங்களின் நிஜ மின்செலவு மாடலோடு ஒத்துப்போகவில்லை என்று அங்கேயே ஆய்வு வந்திருக்கிறதே. இப்போது இங்கே 44 டன், 12 டன் என்று அடுக்குகிறீர்கள். 600 வாட் என்று "வைத்துக்கொள்வோம்" என்றுதானே ஆரம்பித்தீர்கள்?

---

எட்டாயிரம்மணி · செவ்வாய், மதியம் 2:30

நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்வது 2008-ல் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க அமைப்பு 121 லீட் கட்டடங்களை எடுத்துச் செய்த ஆய்வு. மொத்தச் சராசரியில் மாடலும் நிஜமும் ஓரளவு நெருங்கி வந்தன. தனித்தனிக் கட்டடமாகப் பார்த்தால் சிதறல் மிகப் பெரிது. சில கட்டடங்கள் கணக்கில் பாதிதான் எடுத்துக்கொண்டன, சில இரண்டு மடங்குக்கும் மேல் தின்றன. இந்தச் சிதறலுக்குப் பெரிய காரணம் சேகர் சார் மேலே சொன்னதுதான்: ஆள், நேரம், அணைக்காமல் விட்ட சாமான்.

ஆனால் 600 வாட்டை நீங்கள் 500 என்று மாற்றுங்கள். 44 டன் 37 ஆகும், 12 டன் 10 ஆகும். மேற்கே முழுக் கண்ணாடி வைப்பது மோசமான முடிவு என்பது மாறுமா? மாறாது. பெட்டி மாடலிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த வரிசையைத்தான். எது முதல், எது கடைசி என்பது அனுமானத்தை ஆட்டினாலும் நிலையாக நின்றால் அந்த முடிவை எடுத்துவிடலாம். ஆட்டியதும் வரிசை புரண்டால் அங்கே இன்னும் விவரம் வேண்டும் என்று பொருள். அதனால் ஒவ்வொரு முக்கியமான அனுமானத்தையும் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று விதமாக ஓட்டுங்கள். ஒரே எண்ணை வாடிக்கையாளர் கையில் கொடுக்காதீர்கள், அது காலத்துக்கும் உங்கள் தலையில் நிற்கும்.

முடிந்த கட்டடத்தில் அளந்து நிரூபித்த உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. ஹைதராபாத் பொச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011-ல் திறந்த கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் நல்ல தரமான வழக்கமான ஏசியும், மறு பாதியில் தரை, கூரை வழியே குளிர்நீர் ஓடும் முறையும் வைத்தார்கள். முதல் ஆண்டில் ஏசிக்கு மட்டும் சதுர மீட்டருக்கு 38.7 யூனிட், 25.7 யூனிட். 34 சதவீத வித்தியாசம். ஆனால் இந்த இரண்டாவது எண்ணைவிட முதல் எண்ணைக் கவனியுங்கள். வழக்கமான ஏசி வைத்த பாதியே 38.7-ல் நிற்கிறது. வெயிலை உள்ளே விடாத உடலை (சுவர், கூரை, ஜன்னல்) கட்டடத்துக்கு முதலில் கொடுத்ததால் வந்தது அது. அந்த உடலை ஆரம்பத்திலேயே தீர்மானிக்காமல் அப்புறம் எந்த ஏசியை வைத்தாலும் இந்த எண் வராது.

---

கொங்கு_ஆர்க்கி · வியாழன், காலை 10:10

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று முதலாளியோடு உட்கார்ந்தேன். சேகர் சார் கேட்கச் சொன்னதை முதல் கேள்வியாகக் கேட்டேன்.

250 பேரில் 100 பேர்தான் பகலில். 150 பேர் மாலை 5 மணி முதல் இரவு 2 மணிவரை, அமெரிக்க வாடிக்கையாளர் வேலை. இதை முதல் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு அணியும் மேசையைப் பகிரலாமா என்று கேட்டேன். தகவல் பாதுகாப்பு நிபந்தனையால் முடியாதாம், தனித்தனி இடம் வேண்டுமாம்.

சோலார் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். 34 யூனிட் என்ற எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "அப்போ எவ்வளவுக்குக் கொண்டுவர முடியும்?" என்று கேட்டார். கண்ணாடி முகப்பைப் பற்றிப் பேசாமல் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

பெட்டியை நானே ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். எட்டாயிரம்மணி, இந்த ஷிஃப்ட் விவரத்தால் எது மாறும்? மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வருகிறதே, அதை விட்டுவிட மனமில்லை. ஆடி மாதம் எங்கள் ஊரில் மேற்கு ஜன்னலைத் திறந்தால் தாள் எல்லாம் பறக்கும்.

---

எட்டாயிரம்மணி · வியாழன், மாலை 4:45

நிறைய மாறும். ஏசி ஓடும் நேரம் நாளைக்கு 10 மணிநேரத்திலிருந்து 17 மணிநேரமாகிறது. மாலை அணிக்குப் பகல் வெளிச்சத்தால் பயன் இல்லை. ஆகவே பெரிய ஜன்னல் வைத்தால் விளக்குச் செலவு குறையும் என்ற வாதம் 100 பேருக்கு மட்டுமே பொருந்தும். மாலை அணி 5 மணிக்கு உள்ளே நுழையும்போது மேற்குக் கண்ணாடியில் வெயில் நேராகக் கண்ணில் குத்தும். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொள்வார்கள். முகப்புக் கண்ணாடிக்குக் கொடுத்த காசு திரைக்குப் பின்னால் போய்விடும்.

காற்று விஷயத்தில் உங்கள் மனையில் ஒரு சங்கடம் இருக்கிறது. காற்று வரும் பக்கமும் கொடும் வெயில் வரும் பக்கமும் ஒன்றே. மேற்கு முகத்தைத் திறந்தால் வெயில், மூடினால் காற்று போகும். இதற்கு டென்வர்_தமிழ் சொன்ன சிறகு அமைப்பை இங்கே வைத்துப் பாருங்கள். 60-க்கு 17 ஒரே கட்டடத்துக்குப் பதில், 30-க்கு 17 அளவில் இரண்டு, இரண்டும் கிழக்கு மேற்காக, நடுவில் 12 மீட்டர் முற்றம். பரப்பு அதே 3,060. மேற்கு முகம் 60 மீட்டரிலிருந்து 34 ஆகிறது. அந்த 34-லும் படிக்கட்டு, டாய்லெட், லிஃப்ட், ஏசி அறை ஆகியவற்றை வைத்துவிட்டால் வெயில் படும் சுவருக்குப் பின்னால் யாரும் உட்காரவே மாட்டார்கள். மேற்கே கண்ணாடி ஏறத்தாழப் பூஜ்யம். மேசைகள் எல்லாம் வடக்கும் தெற்கும் பார்க்கும், ஒரு மீட்டர் சன்ஷேட் அங்கே வேலை செய்யும். கணவாய்க் காற்று முற்றத்தின் வழியே நுழைந்து கிழக்கே வெளியேறும்.

ஓர் எச்சரிக்கை. முற்றத்தில் காற்று ஓடுகிறது என்பதால் அறைக்குள் வந்துவிடாது. ஜன்னலுக்கு இணையாக ஓடும் காற்று உள்ளே திரும்பாமல் போய்க்கொண்டே இருக்கும். ஜன்னல் ஓரத்தில் செங்குத்தான சிறு சுவர்கள் நீட்டி, ஒரு பக்கம் அழுத்தமும் மறு பக்கம் உறிஞ்சலும் உண்டாக்கினால்தான் திரும்பும். இதைப் பெட்டி மாடல் சொல்லாது. இரண்டு சிறகு முடிவான பிறகு காற்றோட்டத்துக்கென்று தனியாக ஒரு ஆய்வு செய்யுங்கள். சத்தி ரோட்டுப் புழுதிக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

உள் வெப்பநிலையையும் 22 என்று வைக்காதீர்கள். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இந்திய இசைவு மாதிரி (வெளி வெப்பத்துக்கு ஏற்ப மக்கள் எந்த உள் வெப்பத்தை வசதியாக ஏற்கிறார்கள் என்ற கணக்கு), ஜன்னலும் ஏசியும் மாறி மாறிப் பயன்படும் கட்டடங்களுக்கு ஒரு சூத்திரம் தருகிறது: கடந்த 30 நாள் வெளி வெப்பச் சராசரியை 0.28-ஆல் பெருக்கி 17.87 கூட்ட வேண்டும். சராசரி 26 என்றால் 25.2 வரும். அதற்கு மேல் மூன்றரை டிகிரிவரை பத்தில் ஒன்பது பேர் ஏற்றுக்கொள்வார்கள். மின்விசிறி சுழலும் அறையில் 26, 27 வைத்து ஓட்டிப் பாருங்கள், ஏசி வேண்டாத மணிநேரம் எவ்வளவு கூடுகிறது என்று தெரியும்.

---

சைட்_எஞ்சினியர் · வியாழன், இரவு 8:20

இரண்டு கட்டடமா? சுற்றளவைக் கணக்குப் போடுங்கள். ஒரே கட்டடம் என்றால் 154 மீட்டர். இரண்டு என்றால் 188. வெளிச்சுவர் 22 சதவீதம் கூடுகிறது. அஸ்திவாரம், பூச்சு, நீர்க்கசிவுத் தடுப்பு எல்லாம் கூடும். படிக்கட்டு இரட்டை, லிஃப்ட் இரட்டை, தீயணைப்புக் குழாய் இரட்டை. மிச்சப்படுத்தும் கரண்டைவிடக் கட்டுமானச் செலவு அதிகமாகிவிடும். இதையும் உங்கள் பெட்டியில் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் நியாயம்.

---

சில்லர்சேகர் · வெள்ளி, காலை 9:00

சேர்த்தே சொல்கிறேன் தம்பி. சுவர் கூடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடும் சுவரின் விலையைக் கண்ணாடி முகப்பின் விலையோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் கைவிடுவது 500 சதுர மீட்டர் கண்ணாடிச் சட்டகம். அதற்குப் பதில் வருவது பிளாக் சுவரும் சாதாரண ஜன்னலும். அதோடு ஏசி இயந்திரம், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், கேபிள் எல்லாம் உச்சச் சுமைக்கு ஏற்றபடி வாங்குவது. 30, 40 டன் குறைந்தால் அந்த வரிசை முழுக்க ஒரு படி இறங்கும். கரண்ட் பில் வரும் முன்பே, முதல் நாளிலேயே கிடைக்கும் மிச்சம் இது.

இரண்டு சிறகில் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. 100 பேர் ஒரு சிறகில், 150 பேர் மற்றொன்றில் என்று வையுங்கள். மாலை 6 மணிக்குப் பகல் சிறகை முழுதாக அணைத்துவிடலாம். ஏசி, விளக்கு, புதுக்காற்று, எல்லாம். காலையில் இரவுச் சிறகு அணைந்து கிடக்கும். ஒரே கட்டடமாக இருந்தால் 17 மணிநேரமும் மொத்தமும் ஓடும். அல்லது தளம் தளமாகப் பிரிக்க வேண்டும், அதுவும் முடியும். ஆனால் மையச் சில்லர் (மொத்தக் கட்டடத்துக்கும் குளிர்நீர் தரும் இயந்திரம்) ஒன்று பாதிச் சுமைக்கும் கீழே மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். சிறகுக்கு ஒன்றாகச் சின்ன இயந்திரம் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

டிசம்பர், ஜனவரியில் கோவை இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். இரவு அணிக்கு அந்த மாதங்களில் இரவு ஏறிய பிறகு பல மணிநேரம் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விட்டாலே போதும், கம்ப்ரஸர் தேவைப்படாது. சென்னையில் எனக்கு இந்த வாய்ப்பு இல்லை. காற்றாடி, வடிகட்டி, குழாய் அளவு இதற்கு ஏற்றபடி இப்போதே இடம் ஒதுக்க வேண்டும். கூரைக்குக் கீழே உயரம் போதாமல் போன பிறகு செய்ய முடியாது.

---

சைட்_எஞ்சினியர் · வெள்ளி, காலை 11:30

ஒரு சிறகை முதலில் கட்டி, அடுத்ததை நிறுவனம் வளரும்போது கட்டலாம் என்றால் பணச் சுழற்சிக்கு நல்லதுதான், அதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது படிக்கட்டு, லிஃப்ட் செலவு மட்டும் என் கணக்கில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முற்றத்தின் மேற்கு முனையில் இணைப்பு ஒன்று வைத்து லிஃப்டைப் பொதுவாக்கிப் பாருங்கள். தீயணைப்பு விதிக்கு இரண்டு படிக்கட்டு எப்படியும் வேண்டும், அதை ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்க முடியுமா என்று விதியைப் பார்த்துதான் சொல்ல வேண்டும்.

---

கொங்கு_ஆர்க்கி · சனி, மதியம் 12:15

பெட்டி மூன்று விதமாக ஓடி முடிந்தது: ரோட்டுக்கு இணையான ஒரே கட்டடம் முழுக் கண்ணாடியோடு, அதுவே 40 சதவீதத்தில், அப்புறம் இரண்டு சிறகு. குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று அனுமானங்களை ஆட்டியும் வரிசை மாறவில்லை. இரண்டு சிறகுதான் எல்லாவற்றிலும் கீழே நிற்கிறது. நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், கண்ணாடியைச் சரிசெய்த பிறகு எல்லாவற்றையும்விட அதிகமாக எண்ணை அசைப்பது, காலியான சிறகை அணைப்பதா விடுவதா என்பதுதான்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு இரண்டு சிறகையும் மேற்கு இணைப்பில் பொது லிஃப்டையும் எடுத்துப் போகிறேன். முதலாளிக்கு ரோட்டிலிருந்து பார்க்க ஒரு முகம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. இணைப்புப் பகுதியில் கண்ணாடிக்குப் பதில் சுடுமண் ஜாலி போட்டால் மாலையில் உள் விளக்கு வெளியே தெரியும், இரவு 2 மணிவரை ஆள் இருக்கும் கட்டடத்துக்கு அது பொருந்தும். இன்னும் ஒரு சந்தேகம். இலக்கு எண்ணை ஒப்பந்தத்தில் எழுதலாமா? எப்படி எழுதுவது?

---

எட்டாயிரம்மணி · சனி, மாலை 5:00

எழுதுங்கள், ஆனால் எண்ணைத் தனியாக எழுதாதீர்கள். ஒரு பக்கத்தில் அனுமானத் தாளை இணையுங்கள்: இத்தனை பேர், இந்த ஷிஃப்ட், மேசைக்கு இத்தனை வாட், ஆள் இல்லாத நேரத்தில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது, உள் வெப்பநிலை இது, வெதர் ஃபைல் இது. கடைசி 15 ஆண்டுப் பதிவுகளிலிருந்து எடுத்த வெதர் ஃபைலையே பயன்படுத்துங்கள், பழையவற்றில் சமீபத்திய வெக்கை இருக்காது. நிறுவனம் மூன்றாவது ஷிஃப்ட் சேர்த்தால் தாளில் அந்த வரி மாறும், எண்ணும் மாறும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

சிறகு வாரியாக, அதற்குள் விளக்கு, மேசை, ஏசி, சர்வர் என்று தனித்தனி மீட்டர் வைக்க மின் வரைபடத்திலேயே இடம் கேளுங்கள். தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு மீட்டர் இருந்தால் கட்டடம் ஓடத் தொடங்கிய பிறகு எந்த அனுமானம் பிசகியது என்று நேராகத் தெரியும். திட்ட வரைவு வந்ததும் இதே பெட்டியை நிஜ அறைகளோடு மறுபடி ஓட்டுங்கள், ஏசி முறையை அந்தச் சுற்றில் எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை முடிந்ததும் அனுமானத் தாளை இங்கே போடுங்கள், சேகர் சாரும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.